பியானோவில் மனோதர்மம்

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி பிள்ளைச்சாவடிக்கு வந்திருந்தாள். பியானோ வாசிப்பில் ஐந்தாம் படித் தேர்வில் தேறியவள். கையோடு ஒரு மின்விசைப்பலகையும் கொண்டு வந்திருந்தாள். அச்சிட்ட தாளைப் பார்த்து அவள் வாசித்தபோது, எதிர்த் திண்ணையில் வலை சீர்செய்துகொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து கேட்டனர். வாசிப்பு முடிந்ததும் அவர்களுள் முதியவர் ஒருவர், "இப்ப நீயா ஒண்ணு வாசி, கண்ணு" என்றார். அவளுடைய விரல்கள் கட்டைகளின்மேல் நின்றன. நின்றவை நின்றபடியே இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு அது வராது, தாத்தா" என்றாள்.

"வராது" என்னும் சொல்லை முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் கேட்டுப் பழகியவன் நான். கணக்கு வராது, இலக்கணம் வராது, ஓவியம் வராது என்று மாணவர் கூறும்போதெல்லாம், அதை யாரும் அவர்களுக்குப் படிப்படியாகக் கற்பிக்கவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கக் கண்டிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் நானும் குற்றவாளியே. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், காலை வழிபாட்டிற்கு ஆர்மோனியம் வாசிக்கும் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் வழிபாட்டுப் பாடலின் அடிகளுக்கு இடையே, தானே புனைந்த சில சுரக்கோவைகளைச் சேர்த்து வாசித்தான். "உள்ளதை உள்ளபடி வாசி" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் அவன் ஆர்மோனியத்தின் அருகில் வரவே இல்லை. அவன் செய்த காரியத்திற்கு மனோதர்மம் என்று பெயர் என்பதும், அது நம் இசையின் உயிர்நாடி என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் கடிந்துகொண்டேன்.

எழுதி வைத்ததை வாசிக்காமல், வாசிக்கும் அக்கணத்திலேயே இசையைப் புனைந்துகொண்டு போவதுதான் மனோதர்மம். கருநாடக இசையில் இராக ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் ஓர் இராகத்தை நெடுநேரம் விரித்துச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு சுரமும் தாளில் எழுதப்பட்டதன்று. ஆயினும் இராக ஆலாபனை மாணவனுக்கு முதற்படி ஆகாது, அது பெருங்கடல். சிறிய குளத்தில் நீந்தப் பழக வேண்டுமாயின், உலக இசைகளுள் அதற்கு மிகவும் ஏற்றதாக எனக்குத் தோன்றுவது அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த 'ப்ளூஸ்' என்னும் இசைமுறை. அதையே என் பேத்தியும் நானும் அந்த விடுமுறையில் சேர்ந்து கற்கத் தொடங்கினோம்.

ப்ளூ என்பது நீல நிறத்தின் பெயர். ஆங்கில வழக்கில் மனத்துயரையும் அது குறிக்கும். 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் பருத்திக் காடுகளில் உழைத்தவர்களுக்கு வறுமையும் கடனும் ஒழியவில்லை. வயலிலும் இருப்புப்பாதை வேலையிலும் அவர்கள் பாடிய பாட்டுகளிலிருந்தும், தேவாலயப் பாட்டுகளிலிருந்தும் ப்ளூஸ் பிறந்தது. ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர் அதற்கு விடை கூறுவதுபோலப் பாடுவது அவ்வுழைப்புப் பாடல்களின் முறை. இதைக் கேட்டவுடன் நம் கடற்கரை மாணவர்க்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்னே பாட, கயிற்றைப் பற்றியவர்கள் எல்லோரும் சேர்ந்து பின்பாட்டுக் கொடுக்கும் அம்பாப் பாட்டும் அதே முறையில் அமைந்ததன்றோ? என் இளமையில் அதை விடியற்காலையில் கேட்டே விழித்தெழுந்த நாள்கள் உண்டு. இயந்திரப் படகுகள் பெருகிய பின்னர் அது அருகிவிட்டது.

1903ஆம் ஆண்டையொட்டி, மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்னும் சிற்றூரின் இரயில் நிலையத்தில், ஏழை ஒருவர் கித்தார்த் தந்தியின்மேல் கத்தியை அழுத்தி வழுக்கியவாறு பாடியதைக் கேட்டு வியந்ததாக டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசைவாணர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் 1914இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' உலகமெங்கும் பரவியது. மரம் வெட்டும் முகாம்களின் மதுக்கடைகளில் கிடந்த பழைய பியானோக்களிலும் இவ்விசை ஏறியது. 1928இல் பைன்டாப் ஸ்மித் என்பவர் பதிவு செய்த இசைத்தட்டினால், இடக்கை ஓயாமல் உருளும் 'பூகி-வூகி' என்னும் பியானோ முறைக்குப் பெயரும் புகழும் வந்தன. இக்கலைஞர்களுள் பலர் இசைப்பள்ளியை எட்டிப் பார்த்தவர்களும் அல்லர். ஜிம்மி யான்சி என்பவர் சிகாகோ நகரத்துப் பேஸ்பால் மைதானத்தில் நெடுங்காலம் புல்தரை பேணும் வேலை பார்த்தவர். எந்தச் சுருதியில் வாசித்தாலும், முடிவை மட்டும் ஈ ஃபிளாட் என்னும் சுரத்திலேயே கொண்டுபோய் முடிப்பது அவர் வழக்கம். இலக்கணம் அறிந்தவர் முகம் சுளிப்பர். எனக்கோ அது புலவர்கள் பாட்டின் ஈற்றில் தம் முத்திரையை வைப்பதுபோலத் தோன்றுகிறது.

இவ்விசை நம் நாட்டிற்குப் புதிதும் அன்று. சிகாகோவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் இருந்த குழுவில் பியானோ வாசித்த டெடி வெதர்ஃபோர்ட், 1926இல் ஆசியாவிற்குப் புறப்பட்டு, பின்னர் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டலிலும் கல்கத்தாவில் கிராண்ட் ஓட்டலிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவிலேயே காலரா கண்டு இறந்தார்.

இனி, கற்கும் வழியைப் பார்ப்போம். முதலில் தாளம்.

ப்ளூஸில் பெரும்பான்மையான பாட்டுகள் பன்னிரண்டு 'பார்' கொண்டவை. ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை. ஆக மொத்தம் நாற்பத்தெட்டு எண்ணிக்கை. நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம் அன்றோ? எனவே ஒரு ப்ளூஸ் சுற்று என்பது ஆறு ஆதி தாள ஆவர்த்தனங்களுக்குச் சரியாக வருகிறது. இலகு ஒரு பார். இரண்டு துருதங்களும் சேர்ந்து மற்றொரு பார். இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்று என் பேத்தி சிரித்துவிட்டாள். "இது நம்ம தாளந்தானே, தாத்தா!" என்றாள். நம் தாளந்தான், ஆனால் நடை வேறு. ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்கிறார்கள். 'தகிட' என்னும் திசுர நடையில் 'த'வையும் 'ட'வையும் மட்டும் ஒலித்து, நடுவிலுள்ள 'கி'யை மனத்திற்குள் சொல்லிக்கொண்டால், தா-ட, தா-ட என்று ஒரு நொண்டி நடை கிடைக்கும். ப்ளூஸின் துள்ளல் அதுதான்.

அடுத்தது ஆதாரம். நம் கச்சேரியில் தம்பூரா தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சட்ஜத்தைத் தாங்கி நிற்கும். ப்ளூஸிலோ தரை மூன்று இடங்களுக்கு நகர்கிறது: சட்ஜம், மத்திமம், பஞ்சமம். முதல் இரண்டு ஆவர்த்தனங்கள் சட்ஜத்தில், மூன்றாவது மத்திமத்தில், நான்காவது மீண்டும் சட்ஜத்தில், ஐந்தாவதில் இலகு பஞ்சமத்திலும் துருதங்கள் மத்திமத்திலும், ஆறாவது சட்ஜத்தில். பாட்டு எதுவாயினும் இந்தப் பாதை பெரும்பாலும் மாறுவதில்லை. வீட்டுக்குப் போகும் தெருவைப் போல இது காலுக்குப் பழக வேண்டும்.

இடக்கைக்கு உரிய பாடம் மிக எளியது. பியானோவின் சி என்னும் கட்டையைச் சட்ஜமாகக் கொள்க. சட்ஜமும் பஞ்சமமும் ஒருங்கே ஓர் எண்ணிக்கை. சட்ஜமும் சதுசுருதி தைவதமும் ஒருங்கே அடுத்த எண்ணிக்கை. இவ்வாறே மாறி மாறி வாசிக்கவேண்டும். தரை மத்திமத்திற்குப் போகும்போது கையை அப்படியே எஃப் கட்டைக்கும், பஞ்சமத்திற்குப் போகும்போது ஜி கட்டைக்கும் நகர்த்திக்கொண்டால் போதும். எஃப், ஜி இரண்டிலும் விரல்களின் இடைவெளி மாறாமல் வெள்ளைக் கட்டைகளிலேயே அமையும் என்பது தொடங்குவோர்க்கு ஒரு நல்வாய்ப்பு. இந்த இடக்கைப் பாடத்தை எத்தனை நாள் சாதகம் செய்வது? இடக்கை வாசித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்ல முடியும் வரை. என் பேத்திக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. எனக்கு ஆன நாளைச் சொல்லப் போவதில்லை.

இப்போது வலக்கைக்கு வருவோம். ப்ளூஸ் வாசிப்போர் பெரிதும் கையாளும் சுரங்கள் ஆறு. அவற்றுள் ஐந்து: சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். இசை பயிலும் மாணவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். இவை நம் சுத்த தன்யாசியின் சுரங்களே. இவற்றோடு பிரதி மத்திமம் ஒன்றைக் கூட்டினால் ஆறாயின. சி கட்டையிலிருந்து தொடங்கினால் இவை வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மாறி மாறி விழுவதைக் காணலாம். கண்ணுக்கும் நினைவுக்கும் எளிது. சுரங்கள் ஒன்றாயினும் இசை ஒன்றன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். சுத்த தன்யாசிக்கு உரிய கமகமும் பிடியும் வேறு. எழுத்துகள் ஒன்றாய் இருப்பதால் இரண்டு மொழிகள் ஒன்றாகிவிடுமா?

வேறுபாடு மிகுதியாகத் தெரியும் இடம் காந்தாரம். இடக்கைத் தரையை முழுமையாக ஒலிக்கும்போது அந்தர காந்தாரம் சேரும். அதன்மேல் வலக்கை சாதாரண காந்தாரத்தை வாசிக்கும். நம் இராகங்களில் பெரும்பாலும் இவ்விரண்டும் ஓரிடத்தில் குடியிருப்பதில்லை. ப்ளூஸில் இவ்விரண்டின் உரசலே சுவை. ப்ளூஸ் பாடகர்கள் உண்மையில் பாடுவது இவ்விரண்டிற்கும் நடுவே ஊசலாடும் ஓர் ஒலி. அதற்குப் பியானோவில் கட்டை இல்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. 1940ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்திய வானொலியில் ஆர்மோனியத்திற்குத் தடை இருந்தது. கட்டை வாத்தியத்தில் கமகம் பேசாது, சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலி வராது என்பது தடை கூறியோரின் தலையாய வாதம். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே குறையுள்ள பியானோவின்முன் அமர்ந்த ப்ளூஸ் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? கறுப்புக் கட்டையாகிய சாதாரண காந்தாரத்தைத் தொட்டு, அதே விரலை வழுக்கி அடுத்த வெள்ளைக் கட்டையில் விழச் செய்தார்கள். சில வேளைகளில் இரண்டையும் ஒருங்கே நசுக்கினார்கள். இல்லாத சுரம் இருப்பதுபோலக் காதுக்குத் தோன்றுகிறது. கருவியின் குறையிலிருந்தே ஒரு நடை பிறந்தது. தடைக்கு வாதிட்டவர்கள் இதைக் கேட்டிருந்தால் மனம் மாறியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சற்று யோசித்திருப்பார்கள்.

சுரங்கள் ஆறும் தெரிந்துவிட்டன என்றவுடன் மாணவர் செய்யும் பிழை, ஆறையும் மேலும் கீழுமாக ஓடவிடுவது. அது ஏணியில் ஏறி இறங்குவது, பேச்சன்று. ஆதலால் முதல் வாரத்தில் வலக்கைக்கு ஒரே ஒரு சுரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சட்ஜம் மட்டும். ஒரே சுரத்தில் என்ன கற்பனை செய்வது என்று கேட்கலாம். எப்போது ஒலிப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே சும்மா இருப்பது என்பவை எல்லாம் கற்பனையே. மிருதங்கக்காரர் சுரமே இல்லாமல் தனி ஆவர்த்தனத்தில் சபையைக் கட்டி வைக்கவில்லையா? இரண்டாம் வாரத்தில் சாதாரண காந்தாரத்தைச் சேர்த்து இரண்டு சுரம், பிறகு மூன்று. வயல் சிறிதாக இருந்தால்தான் ஆழ உழ முடியும்.

அப்படியும் "என்ன வாசிப்பது?" என்று கை நின்றுவிடுமானால், ப்ளூஸ் பாட்டின் சொல்லமைப்பே வழி காட்டும். ப்ளூஸ் பாட்டு மூன்று அடி உடையது. முதலடியில் ஒரு செய்தி. இரண்டாமடியில் அதே செய்தி மீண்டும். மூன்றாமடியில் அதற்கு விடை. அடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆவர்த்தனம் உண்டு. ஏறக்குறைய முதல் ஆவர்த்தனத்தில் குரல் பாடும். அடுத்ததில் கருவி விடை சொல்லும். அம்பாப் பாட்டின் இரு தரப்பும் இங்கே ஒரே ஆளிடம் இருக்கின்றன. எங்கள் தெருவின் நடப்பை வைத்து என் பேத்தியும் நானும் இப்படி ஒன்று கட்டினோம்:

காத்து மாறிப் போச்சு, கரையில படகு நிக்குது;
ஆமா, காத்து மாறிப் போச்சு, கரையில படகு நிக்குது;
கடன்காரர் வருவாரு, கதவைச் சாத்தி வைக்கணும்.

கவிதை என்று சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. ஆனால் இதை வாயால் பாடிவிட்டு, அதே சொற்களின் குறிலும் நெடிலும் விழும் இடத்தில் விரலை வைத்தால், மூன்று சுரத்திலேயே ஒரு வாக்கியம் பிறக்கிறது. அடுத்த ஆவர்த்தனத்தில் அதற்கு ஒரு விடை. இரண்டாம் முறை பாடும்போது சொல் மாறவில்லை; ஆனால் அடியில் தரை மத்திமத்திற்கு நகர்ந்துவிட்டது. அதனால் அதே வாக்கியம் வேறு முகம் காட்டுகிறது. சட்ஜத்தில் நின்றபோது வீடுபோல் இருந்த சுரம், தரை மத்திமமான உடனே அதற்கு ஐந்தாம் சுரமாக மாறி, பயணத்தில் இருப்பதுபோல ஒலிக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமலே கிடைக்கும் கற்பனை இது! என் பேத்தியின் கை கட்டைகளின்மேல் நிற்காமல் முதன்முதலாக ஓடியது இந்தக் கடன்காரர் பாட்டில்தான்.

பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் மாணவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அந்த அச்சமே. மேலே சொன்ன ஆறு சுரங்களுள் அடங்காத கட்டைகளும் ஒரு தாயியில் ஆறு. அவற்றுள் எதன்மேல் விரல் தவறி விழுந்தாலும், அதை ஒட்டிய அடுத்த கட்டை சரியான சுரமாகவே இருக்கும். நீங்களே எண்ணிப் பாருங்கள். எனவே தவறிய விரலைச் சட்டென எடுக்காமல், பக்கத்துக் கட்டைக்கு நகர்த்திவிட்டால், கேட்பவர் காதில் அது வேண்டுமென்றே செய்த வளைவாகத் தோன்றும். ஆனால் தாளத்தில் தவறினால் இத்தகைய மன்னிப்பு இல்லை. சுரம் தவறலாம், ஆவர்த்தனத்தின் எண்ணிக்கை தவறக் கூடாது. கற்பனாசுரம் பாடுவோர் எத்தனை கோலம் போட்டாலும் எடுப்பில் வந்து சேர வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதுதான்.

பிறர் வாசித்ததைப் பார்த்துச் செய்வது கற்பனைக்குப் பகை என்று எண்ணுவோர் உண்டு. டியூக் எலிங்டன் என்னும் பெரும் பியானோ கலைஞர் இளமையில் என்ன செய்தார் தெரியுமா? துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் இயந்திரப் பியானோவில், ஜேம்ஸ் பி. ஜான்சன் என்பவரின் வாசிப்புச் சுருளை மாட்டி, அதன் வேகத்தைக் குறைத்து, தாமாகத் தாழ்ந்து எழும் கட்டைகளின்மேல் தம் விரல்களை வைத்துப் பழகினார். இன்று உங்கள் கைப்பேசியிலேயே பழைய பதிவுகளின் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்க முடிகிறது. ஒரு பதிவில் நான்கே நான்கு எண்ணிக்கை நீளமுள்ள ஒரு பிடியைத் தேர்ந்துகொண்டு, முதலில் வாயால் பாடுங்கள். பாட வந்த பிறகே கட்டையில் தேடுங்கள். கிடைத்ததும் அதன் ஈற்றுச் சுரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு தொடக்கத்தை மாற்றிப் பாருங்கள். இவ்வாறு இரண்டு முறை மாற்றியபின் அது யாருடையது?

பியானோ வாங்கும் வசதி எங்கள் ஊரில் அரிது, தேவையும் இல்லை. அறுபத்தொரு கட்டைகள் உள்ள சிறிய விசைப்பலகை இதற்குப் போதும். அதுவும் இல்லையெனில் ஆர்மோனியம் இருக்கவே இருக்கிறது. ஒரு கை துருத்திக்குப் போய்விடுமே என்றால், நண்பர் ஒருவர் மூன்று தரைகளையும் வேறோர் ஆர்மோனியத்தில் தாங்கிக்கொள்ளட்டும். இருவராய்க் கற்பது இன்னும் நல்லது. ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்லலாம். எந்த வழியாயினும் நாளுக்கு அரை மணி நேரம் செய்க. வாரத்திற்கு ஒரு நாள் மூன்றரை மணி நேரம் செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கில் இரண்டும் ஒன்றாயினும் விரலின் நினைவில் ஒன்றல்ல.

என் பேத்தி இப்போது சனிக்கிழமை தோறும் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். நான்கு ஆவர்த்தனம் வரை நன்றாகப் போகிறது. ஐந்தாவதில், தரை பஞ்சமத்திற்குப் போய் உடனே மத்திமத்திற்கு இறங்கும் இடத்தில், இடக்கை ஓர் எண்ணிக்கை பிந்துகிறது. நான் இந்தப் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். "மறுபடி முதல்லேருந்து, தாத்தா" என்று அவளே சொல்லிவிட்டுத் தொடங்குகிறாள்.